பெட்டி சுமந்தோரும் பேனா பிடித்தோரும்

1954 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள். புதுவையிலே பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு மாறிற்று. இருநூறு ஆண்டுக்கும் மேலாகக் கொலுவீற்றிருந்த ஒரு பேரரசு, கோப்புகளைக் கட்டி ஒப்படைத்துவிட்டு விடைபெற்றுக் கொண்டது. கையொப்பம் இருந்தது, கைவிலங்கு இல்லை.

அதே நாள். அதே நவம்பர் முதல் நாள். அதே பிரெஞ்சு அரசு, மத்தியதரைக் கடலின் தென்கரையில், அல்ஜீரியாவில், வேறொரு முகம் காட்டலாயிற்று. விடுதலை வேண்டும் என்று அங்கே அன்று வெடித்த கிளர்ச்சிக்கு விடை, படை. படைக்குத் துணை, சட்டம். சட்டத்தின் பக்கத்திலே, பளபளவென்று தீட்டி நிறுத்தப்பட்ட கில்லட்டின். ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் நடந்தது அந்தப் போர்.

ஏன் இந்த வேற்றுமை என்று கேட்கத் தோன்றும். புதுவை, பாரிசிலிருந்து நெடுந்தொலைவில் இருந்த சிறு துறைமுகம். அல்ஜீரியாவிலோ பத்து இலட்சம் ஐரோப்பியர் குடியேறி, வளமான நிலங்களை வளைத்துக்கொண்டு வாழ்ந்தனர். மண்ணுக்குரிய மக்கள் ஏறக்குறைய 90 இலட்சம். 1830 இல் வாளால் பிடித்த அந்த நாட்டை, 1848 இல் ஒரு வரி எழுதி, பிரான்சின் மாவட்டங்கள் ஆக்கிவிட்டார்கள். அந்த ஒரு வரியிலிருந்துதான் பின்னர் நடந்த பித்தலாட்டமெல்லாம் பிறந்தது. அல்ஜீரியா பிரான்சு என்றால், அங்கே போர் எப்படி நடக்கும்? எவனேனும் தன் வீட்டுக் கூடத்தின்மீதே போர் தொடுப்பானா? ஆகவே அதற்குப் போர் என்று பெயரில்லை; ‘ஒழுங்கு காக்கும் நடவடிக்கை’ என்று பெயர். இலட்சக்கணக்கான படைவீரர்கள் போனார்கள், ஒழுங்கு காக்க! வானூர்திகள் குண்டு பொழிந்தன, ஒழுங்கு காக்க! ‘அல்ஜீரியப் போர்’ என்ற இரண்டு சொற்களைப் பிரெஞ்சுச் சட்டம் தன் ஏட்டில் ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 1999 அக்டோபரில்! போர் முடிந்து 37 ஆண்டுகள் கழிந்த பின்னர்!

புராணங்களைப் புரட்டிப் பார்த்து, எது கவிதை, எது கட்டுக்கதை, எவன் யாரை ஏய்க்க எதை எழுதினான் என்று ஆராய்ந்து பழகியவர்கள் நாம். அந்த ஆராய்ச்சிக் கண்ணாடியைச் சட்டப் புத்தகத்தின் பக்கம் திருப்பினால் என்ன? சட்டமும் எழுதப்பட்ட நூல்தானே! அதற்கும் ஆசிரியன் உண்டு, நடை உண்டு, அணி உண்டு, பொய்யும் உண்டு. காப்பியத்தை நாம் தவறாகப் படித்தால் புலவர் சினப்பார், அவ்வளவுதான். சட்டத்தைத் தவறாகப் படித்தவனுக்குத் தலை போகும். எனவே, அல்ஜீரிய விடுதலைக்குத் துணை நின்றோர்மீது பிரெஞ்சு அரசு ஏவிய சட்டங்கள் சிலவற்றையும், அவற்றால் துரத்தப்பட்ட எழுத்துகள் இரண்டையும் எதிரெதிரே வைத்துத் திறனாய்வு செய்ய முற்படுகிறோம்.

முதலில், கிளர்ச்சிக்கு முன்பிருந்தே அங்கே ஆண்ட ஒரு நூலைச் சொல்லியாக வேண்டும். 1881 இல் அல்ஜீரிய மக்களுக்கென்று தனியே ஒரு தண்டனைத் தொகுப்பு வகுத்தார்கள். அதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசினால் தண்டனை. அனுமதிச் சீட்டின்றி ஊர் விட்டு ஊர் போனால் தண்டனை. இவை பிரெஞ்சுக்காரன் செய்தால் குற்றமே அல்ல! செயலைப் பார்த்துக் குற்றம் என்றில்லை. செய்தவன் பிறப்பைப் பார்த்துக் குற்றம். நமக்கு இது புதிய செய்தியா? ஒரே குற்றத்துக்கு ஒருவனுக்குத் தலைமயிர் மழிப்பும் மற்றொருவனுக்குத் தலையே மழிப்பும் விதித்த மனுவின் நூலை அறிந்தவர்கள் அல்லவா நாம்! மனு பூணூல் அணிந்திருந்தான். இவன் பூட்சு அணிந்திருந்தான். 1789 இல், மனிதர் அனைவரும் உரிமையில் சமம் என்று உலகுக்கு முழங்கிய அதே நாடுதான், இந்தத் தொகுப்பை 1940களின் நடுப்பகுதி வரை கைவிடாமல் வைத்திருந்தது.

கிளர்ச்சி மூண்டதும் புதிய சட்டங்கள் அணிவகுத்தன. 1955 ஏப்ரல் 3 இல் நெருக்கடி நிலைச் சட்டம். ஒருவரைக் குறிப்பிட்ட இடத்தில் கட்டாயமாகத் தங்கவைக்கலாம், இதழ்களைக் கட்டுப்படுத்தலாம், வழக்கைப் படைநீதிமன்றத்துக்குத் தள்ளலாம். அதே ஆண்டு செப்டம்பரில் அல்ஜீரியப் பொதுவுடைமைக் கட்சிக்குத் தடை. அதனோடு ‘அல்ஜே ரெபுப்ளிக்கேன்’ என்ற நாளேட்டுக்கும் பூட்டு. 1956 மார்ச் 12 இல் சிறப்பு அதிகாரச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அமைதி காண்பேன் என்று சொல்லித் தேர்தலில் நின்று தலைமை அமைச்சரான சோசலிஸ்டு கி மொல்லே கேட்டார். அவை அள்ளிக் கொடுத்தது. ஆதரவு 455, எதிர்ப்பு 76. பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியும் ஆதரவாகவே கை தூக்கிற்று என்பதை மறைப்பதற்கில்லை. வலதுசாரி மட்டும்தான் வாள் தீட்டினான் என்று எழுதிவிட்டால் வரலாறு எளிதாக இருக்கும். ஆனால், உண்மையாக இராது.

அந்தச் சட்டத்தின் நடையைச் சற்றே கவனிக்க வேண்டும். கொல் என்று அதில் இல்லை. வதை என்று இல்லை. பொருளாதார முன்னேற்றம், நிர்வாகச் சீர்திருத்தம் என்றெல்லாம் பூவாடை போர்த்தி, ஒழுங்கை மீட்கத் தேவையான எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்ற பொருளில் ஒரு வாசலை விரியத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ‘எந்த நடவடிக்கையும்’ என்பதில் உள்ள அந்த உம்மை இருக்கிறதே, முற்றும்மை என்பான் இலக்கணக்காரன். அதற்குள்ளே சிறைக்கூடமும் இருந்தது, மின்கம்பியும் இருந்தது, மறைவிடத்துச் சவக்குழியும் இருந்தது.

ஃபெர்னான் இவ்தோன் என்பவர் அல்ஜியர்ஸ் நகர எரிவளித் தொழிற்சாலையில் கடைசல் தொழிலாளி, ஐரோப்பிய வழியினர், விடுதலைப் போருக்குத் துணை நின்றவர். 1956 நவம்பர் 14 இல் தொழிற்சாலையில் ஆளில்லாத பகுதியில் ஒரு குண்டு வைத்தார், தொழிலாளர்கள் வீடு திரும்பிய பின்னர் வெடிக்கும்படி. அது வெடிக்கவே இல்லை, முன்னதாகவே கண்டெடுக்கப்பட்டது. ஓர் உயிருக்கும் கேடில்லை. பிடித்தார்கள், வதைத்தார்கள், பத்து நாளில் படைநீதிமன்றத்தில் நிறுத்தி மரண தண்டனை விதித்தார்கள். கருணை மனு குடியரசுத் தலைவரிடம் போயிற்று; தள்ளப்பட்டது. 1957 பிப்ரவரி 11 இல் கில்லட்டின் இறங்கிற்று. அந்தப் போரில் சட்டத்தின் கையால் தலை இழந்த ஐரோப்பியர் அவர் ஒருவரே. அன்று நீதியமைச்சர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் பிரான்சுவா மித்தரான். ஆம், பின்னாளில் குடியரசுத் தலைவராகி 1981 இல் மரண தண்டனையையே ஒழித்தாரே, அதே மித்தரான்! ஒழித்ததற்காகப் பாராட்டுவோம். ஆனால் அந்த எரிவளித் தொழிலாளியின் பெயரையும் அந்தப் பாராட்டுரையின் ஓரத்தில் எழுதி வைப்போம்.

அங்காடிகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் விடுதலைப் படையினர் வைத்த குண்டுகளுக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. 1955 ஆகஸ்டில் பிலிப்வில் வட்டாரத்தில் பெண்டிரும் பிள்ளைகளும் வெட்டுண்டதை விடுதலை என்ற பெயரால் வெள்ளையடிக்கவும் மாட்டோம். கொன்றவனை விசாரி, தண்டி என்றால் எவரும் மறுக்கப் போவதில்லை. நாம் பேசுவது வேறு. கொல்லாதவனை, கொலை நடக்கிறதே என்று கூவியவனை, பிடிபட்டவனுக்கு வழக்காடியவனை, பணப்பெட்டி தூக்கியவனை, ஒரு தாளில் பெயரெழுதியவனை அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதே நம் ஆராய்ச்சி.

1957 ஜூன். அல்ஜியர்ஸ் நகரம் வான்குடைப் படையின் கையில். பல்கலைக் கழகத்தில் கணிதம் கற்பித்த 25 வயது இளைஞர் மொரீஸ் ஒதேன் 11 ஆம் நாள் இரவு வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். மறுநாள் அவர் வீட்டுக்கு வந்த நண்பர், தடைசெய்யப்பட்ட நாளேட்டின் ஆசிரியர் ஹான்ரி அலெக், அங்கேயே பிடிபட்டார். அலெக் உயிரோடு மீண்டார். ஒதேன் மீளவில்லை. கொண்டுபோகும் வழியில் தப்பியோடிவிட்டார் என்று படை அறிக்கை விட்டது. தப்பியோடியவர் மனைவி மக்களுக்கு ஒரு வரிகூட எழுதாமல் எங்கே ஓடினார் என்ற கேள்விக்கு அறிக்கையில் இடமில்லை.

இப்படித் ‘தப்பியோடியவர்கள்’ எத்தனை பேர்? அல்ஜியர்ஸ் காவல் துறைச் செயலராக இருந்த பால் தைத்ஜென், நாஜிகளின் வதைமுகாமில் கிடந்து மீண்டவர். தாம் கையொப்பமிட்ட தங்கவைப்பு ஆணைகளை எண்ணிப் பார்த்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காணோம் என்று கணக்கிட்டார். பதவியை விட்டு விலகினார். சட்டம் கேட்டபடி ஒவ்வொருவருக்கும் தாள் இருந்தது, எண் இருந்தது, முத்திரை இருந்தது. ஆள்தான் இல்லை! வதை கூடாது என்று வெளிப்படையாகக் கண்டித்த தளபதி பொலார்தியேருக்கோ 60 நாள் கோட்டைச் சிறை கிடைத்தது. வதைத்தவர்களுக்குக் கிடைத்தது பதக்கம்.

சிறையிலிருந்தபடியே அலெக் எழுதிய சிறு நூல், தாள் தாளாக வெளியே கடத்தப்பட்டு, ‘கேள்வி’ என்ற தலைப்பில் 1958 பிப்ரவரியில் பாரிசில் வெளிவந்தது. பழைய பிரெஞ்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு, உண்மை வரவழைக்கச் செய்யும் வதை என்றும் பொருள். தலைப்பிலேயே திறனாய்வு இருக்கிறது. நூலின் நடையோ, அழாத நடை. என்ன நடந்தது, யார் நின்றார், எந்தக் கருவி, எவ்வளவு நேரம் என்று, கணக்குப் பிள்ளை பேரேடு எழுதுவதுபோல் எழுதியிருக்கிறார். ‘ஐயகோ’ என்ற சொல் ஒன்றேனும் இருந்திருந்தால் அரசு, மிகைப்படுத்துகிறான் என்று சொல்லித் தப்பித்திருக்கும். அடுக்கு மொழியில் ஆர்வமுள்ள நம்மவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பெரிய கொடுமையைச் சொல்லச் சிறிய சொல் போதும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய நூல் அரிது.

பல்லாயிரம் படிகள் விற்றன. மார்ச் 27 இல் அரசு பாய்ந்து பறிமுதல் செய்தது. என்ன குற்றமாம்? ‘படையின் மன உறுதியைக் குலைக்கும் முயற்சி’யாம்! படையின் மன உறுதி மின்கம்பியால் குலையவில்லை, அதைப் பற்றி அச்சிட்டதால் குலைந்துவிட்டது. அந்த நூலைக் குறித்துச் சார்த்தர் எழுதிய கட்டுரைக்காக ‘எக்ஸ்பிரஸ்’ கிழமை ஏடும் பறிமுதலாயிற்று. நூலில் சொன்னது பொய் என்று மெய்ப்பிக்க அரசு முன்வரவில்லை. மெய்யா பொய்யா என்ற பேச்சே எழாதபடி செய்வதுதானே பறிமுதலின் நுட்பம்! வழக்குத் தொடுத்தால் நீதிமன்றத்தில் சான்று கேட்பான்; பறிமுதல் செய்தால் வண்டியும் இரண்டு காவலரும் போதும். பெரும்பாலான பறிமுதல்கள் வழக்கு மன்றத்தின் வாசற்படியையே மிதிக்கவில்லை. பதிப்பாளனுக்கு அச்சுக்கூலி போயிற்று, தாள் போயிற்று, அடுத்த நூலுக்கு முதல் போயிற்று. கருத்தை வெல்ல வேண்டியதில்லை, கல்லாப்பெட்டியைக் காலியாக்கினால் போதும் என்பது ஆளவந்தார்களின் அரிச்சுவடி.

அந்த நூலை வெளியிட்ட ‘நள்ளிரவுப் பதிப்பகம்’ எப்படிப் பிறந்தது? இட்லரின் படை பாரிசை ஆண்டபோது, தடையை மீறித் தலைமறைவாக நூல் அச்சிடப் பிறந்தது! அன்று அதை அச்சிட்டவர்கள் தேசத் தியாகிகள். அதே பதிப்பகம், அதே துணிவு, இப்போது தேசத் துரோகம். இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ‘கேள்வி’ பறிமுதலானதைக் கண்டித்துக் குடியரசுத் தலைவருக்கு எழுதிய எழுத்தாளர் நால்வரில் ஒருவர் ஆந்திரே மால்ரோ. சில திங்களில் டிகால் ஆட்சிக்கு வந்தார், மால்ரோ அமைச்சரானார், அமைதியானார். 1960 இல் எழுத்தாளர்கள் வேட்டையாடப்பட்டபோது அவர் பண்பாட்டு அமைச்சர். வேட்டையாடப்பட்ட பட்டியலில் கையொப்பமிட்டிருந்தவர்களுள் ஒருவர் ஃபிளோரான்ஸ் மால்ரோ, அமைச்சரின் மகள்!

அந்தப் பட்டியலுக்கு வருமுன் பெட்டி சுமந்தோரைப் பார்த்துவிடுவோம். ஃபிரான்சிஸ் ஜான்சோன் மெய்யியல் எழுத்தாளர். சார்த்தரின் ஏட்டில் எழுதியவர். பிரான்சில் உழைத்த அல்ஜீரியத் தொழிலாளர்கள் விடுதலை இயக்கத்துக்குத் தந்த பணத்தைத் திரட்டி எல்லை தாண்டி அனுப்புவதற்கு ஒரு கூட்டத்தை அமைத்தார். ஆசிரியர், நடிகர், மாணவர், குடும்பப் பெண்டிர் எனப் பலதிறத்தார் அதில் இருந்தனர். பெட்டியில் பணம் கொண்டு சென்றதால் ‘பெட்டி சுமப்போர்’ என்று பெயர். ஏளனமாகச் சூட்டிய பெயர்தான். ஏளனம் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. 1960 தொடக்கத்தில் கூட்டம் சிக்கிற்று. ஜான்சோன் மட்டும் நழுவி, தலைமறைவாக இருந்தபடியே பாரிசில் செய்தியாளர்களைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி எழுதிய ஜார்ஜ் அர்னோவைச் சிறையிலிட்டார்கள். அவர் செய்த குற்றம், காவல் துறைக்குத் துப்புச் சொல்லாதது. எழுதியது குற்றம் என்பது பழைய சட்டம். காட்டிக் கொடுக்காதது குற்றம் என்பது புதிய சட்டம். படைநீதிமன்றம் அவருக்கு ஈராண்டுத் தண்டனை விதித்து நிறுத்தி வைத்தது.

ஜான்சோன் கூட்டத்தின் வழக்கு 1960 செப்டம்பர் 5 இல் பாரிஸ் படைநீதிமன்றத்தில் தொடங்கிற்று. இடம், ஷெர்ஷ் மிதி தெரு. 1894 இல் டிரைபஸ் என்ற யூதப் படையதிகாரியைப் பொய்க் குற்றம் சாட்டி விசாரித்த அதே தெரு! ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ என்று எழுதி அரசை உலுக்கி, அதற்காகவே தண்டிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு ஓட நேர்ந்த எமிலி ஜோலாவை நம் மேடைகள் அறியும், நம் ஏடுகள் அறியும். அந்தத் தெருவின் சுவர்களும் அறிந்திருக்கும். நீதிபதிகள்தாம் அறியவில்லை. போர் என்று பெயர் சொல்ல மறுத்த அரசு, பெட்டி தூக்கிய ஆசிரியைகளைப் படைவீரர் தீர்ப்பளிக்கும் மன்றத்தில் நிறுத்திற்று என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சுக்குப் போர் இல்லை. தண்டனைக்குப் போர் உண்டு. அக்டோபர் முதல் நாள் தீர்ப்பு. பிடிபடாத ஜான்சோனுக்கும் பிடிபட்டோர் பலருக்கும் உச்ச தண்டனையான 10 ஆண்டுச் சிறை. ஒன்பது பேர் விடுதலை.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் பேனா பிடித்தோர் எழுந்தனர். செப்டம்பர் 6 என்று நாளிட்ட ஓர் அறிக்கை, 121 கையொப்பங்கள். சார்த்தர், சிமோன் தெ பொவ்வார், மார்கெரித் துராஸ், ஆந்திரே பிரெத்தோன், கணித மேதை லொரான் ஷ்வார்ட்ஸ், வரலாற்றாசிரியர் விடால் நாக்கே, நடிகை சிமோன் சினியோரே, பதிப்பாளர்கள் லேந்தோன், மாஸ்பெரோ. வரைந்தவர்களுள் முதன்மையானவர் மொரீஸ் பிளான்ஷோ. அறிக்கை கூறியது மூன்று: அல்ஜீரிய மக்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்த மறுப்பது நியாயம், ஒடுக்கப்பட்ட அவர்களுக்கு உதவும் பிரெஞ்சுக்காரரின் செயலும் நியாயம், அல்ஜீரியரின் வழக்கு, உரிமை வேண்டும் மனிதர் அனைவரின் வழக்கு.

திறனாய்வாளர் என்ற முறையில் அதன் குறையையும் சொல்ல வேண்டும். போர் தொடங்கி ஆறாம் ஆண்டில் வந்த அறிக்கை அது. அல்ஜீரியரைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அவர்கள் குரல் அதில் ஒலிக்கவில்லை. பிரெஞ்சு மனச்சான்று தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் அறையாகவே அது பெரிதும் இருக்கிறது. எனினும் ஒரு சிறப்பு அதற்குண்டு. இரங்குங்கள் என்று அது கெஞ்சவில்லை. ‘எங்கள் உரிமை’ என்றது. ‘மன்னியுங்கள்’ என்று எழுதியிருந்தால் அரசு மாலையிட்டிருக்கும்!

அறிக்கையை அச்சிட்ட ஏடு பறிமுதலாயிற்று. சார்த்தரின் ஏடு அந்த இடத்தில் வெற்றுப் பக்கங்களோடு வந்தது. வெள்ளைத் தாளைப் பறிமுதல் செய்யச் சட்டமில்லை, பாவம்! செப்டம்பர் இறுதியில் அரசாணை பிறந்தது. படைமறுப்புக்குத் தூண்டுவோர் தண்டனை உயர்ந்தது. கையொப்பமிட்ட அரசு ஊழியர்கள் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர். நடிகர்கள், பாடகர்கள், இசையமைப்பாளர்கள் அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றக் கூடாது. அரசு உதவி பெறும் நாடக மேடையில் ஏறக் கூடாது. உலகமே போற்றிய ஷ்வார்ட்ஸ், கணிதத்தின் மிகப் பெரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1950 இல் பெற்றவர், படைத்துறை அமைச்சரின் ஆணையால் பாலிடெக்னிக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். விடால் நாக்கே கான் நகரக் கல்லூரிப் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஏறத்தாழ முப்பது பேர்மீது வழக்கும் பதிவாயிற்று.

சார்த்தரை? தொடவில்லை! தொடச் சொன்னவர்களிடம் டிகால், வால்டேரைச் சிறையிலிடுவதில்லை என்று மறுமொழி சொன்னதாகச் சொல்லப்படுகிறது. பெருந்தன்மையின் பேச்சு என்று இதைப் பலர் வியந்து எழுதினார்கள். வால்டேரைச் சிறையிலிடுவதில்லையா? பாஸ்டில் கோட்டையில் வால்டேரை ஒருமுறை அல்ல, இருமுறை அடைத்தது எந்த நாடு? அதே பிரான்சு அல்லவா! பகுத்தறிவுப் பாசறையில் பாடம் கேட்ட பள்ளிப் பிள்ளையும் இதைச் சொல்வான்.

நமக்கு வியப்பில்லை. அந்தச் சொல்லில் பெருந்தன்மை இல்லை, கணக்கு இருக்கிறது. சார்த்தரைச் சிறையிலிட்டால் உலகம் திரும்பிப் பார்க்கும். எரிவளித் தொழிலாளியின் தலையைச் சீவினால் உள்ளூர் ஏட்டில் நான்கு வரி வரும். இடைநிலையில் இருப்பவனைச் சிறையிலிடவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். அவன் சம்பளத்தில் கை வை, பாட்டுக்குக் கிடைக்கும் கூலியில் கை வை, வானொலியில் அவன் குரலை நிறுத்து. அடுத்த திங்கள் வாடகைக்கு என்ன செய்வது என்று மனைவி கேட்பாள். அந்தக் கேள்வி, வதைக்கூடத்துக் ‘கேள்வி’யைவிட மெல்லியது, ஆனால் நெடுநாள் வலிப்பது. புகழின் எடையைத் தராசில் நிறுத்துத் தண்டனை அளந்தது அந்தச் சட்டம். 1881 இன் தொகுப்பு பிறப்பைப் பார்த்தது. 1960 இன் ஆணை பெயரைப் பார்த்தது. முன்னேற்றந்தான்!

சிறையைவிட இந்த வாழ்வாதாரத் தடையே கொடியது என்று நாம் கருதுவதற்குக் காரணம் உண்டு. சிறை வாசலில் கூட்டம் கூடும், வாழ்த்தொலி எழும், வெளிவரும்போது மாலை விழும். வேலை போனவன் வீட்டு வாசலில் எவன் கூடுவான்? சிறைக்கு வழக்கு உண்டு, வாதம் உண்டு, விடுதலை நாள் உண்டு. வாய்மொழியாகவோ ஒரு சுற்றறிக்கையாலோ வந்த தடைக்கு முடிவு நாள் இல்லை. தியாகியாகும் வாய்ப்பைக்கூடத் தராமல் ஒருவனைத் தண்டிக்கும் கலையை அந்த அரசு கற்றிருந்தது. அத்தனைக்கும் பிறகும், 121 என்று தொடங்கிய பட்டியல் குறையவில்லை. புதிய கையொப்பங்கள் வந்து சேர்ந்து அது நீண்டது.

சட்டத்தின் சொல்விளையாட்டில் உச்சம் ஒன்று இருக்கிறது. 1961 அக்டோபர் 5 இல், பாரிஸ் காவல் தலைவர் மொரீஸ் பப்போன், அல்ஜீரியத் தொழிலாளர்கள் இரவு 8.30 முதல் காலை 5.30 வரை தெருவில் நடமாட வேண்டாம் என்று அறிவித்தார். ‘நடமாடக் கூடாது’ என்று எழுத முடியவில்லை. ஏனென்றால் சட்டப்படி அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள், குடிமக்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் ஊரடங்கு விதிக்க வழியில்லை. ஆகவே, மிக வற்புறுத்தி ‘அறிவுரை’ கூறினார்! அந்த அறிவுரையை எதிர்த்து அக்டோபர் 17 இரவு ஆயிரமாயிரமாய் அமைதியாகத் தெருவுக்கு வந்தவர்களைத் துப்பாக்கியும் தடியும் வரவேற்றன. பலர் செயின் ஆற்றில் எறியப்பட்டனர். இறந்தவர் ஒருசிலர் என்றது அரசு; பல பத்து முதல் இருநூறுக்கு மேல் வரை என்கின்றனர் பின்னர் ஆராய்ந்தோர். அந்த இரவைப் பற்றி எழுதிய நூலையும் பறித்தார்கள், எடுத்த படச்சுருளையும் பறித்தார்கள். அறிவுரையை மீறியதற்கு இத்தகைய தண்டனை எந்தச் சட்டநூலில் இருக்கிறது என்று நாமும் தேடினோம். பப்போன் 1998 இல் தண்டிக்கப்பட்டார்; ஆனால் அதற்கு அல்ல, உலகப் போர்க் காலத்தில் யூதர்களை நாடுகடத்தத் துணை நின்றதற்கு.

1962 மார்ச் 18 இல் எவியான் ஒப்பந்தம். அல்ஜீரியா விடுதலை பெறுவது உறுதியாயிற்று. நான்கே நாளில், மார்ச் 22 இல், இரண்டு பொதுமன்னிப்பு ஆணைகள். ஒன்று, கிளர்ச்சியில் ஈடுபட்டோருக்கு. மற்றொன்று, ‘ஒழுங்கு காக்கும் நடவடிக்கை’யில் குற்றம் செய்தோருக்கு, அதாவது வதைத்தவர்களுக்கு. விடுதலைப் படையினன் மன்னிக்கப்பட்டான், மின்கம்பி பிடித்தவன் மன்னிக்கப்பட்டான். அந்த விடுதலைக்காகப் பெட்டி தூக்கிய பிரெஞ்சுக்காரன்? அவன் காத்திருக்க வேண்டும்! எந்த விடுதலையை அரசே கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்டதோ, அந்த விடுதலைக்கு உதவிய குற்றத்துக்கு மன்னிப்பு வந்தது 1966 ஜூனில். நான்கு ஆண்டு முன்னதாகவே நியாயம் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் அவர்கள் செய்த பிழை போலும். ஆட்சியைக் கவிழ்க்கப் படைதிரட்டிய தளபதிகளையும் 1968 இல் மன்னித்தார்கள். 1982 இல் அவர்களுக்குப் பதவி நிலையையும் மீட்டுக் கொடுத்தார்கள். அப்போது குடியரசுத் தலைவர் மித்தரான்.

விடுதலை பெற்ற அல்ஜீரியாவைப் பற்றியும் ஒரு சொல். அலெக் தம் நாளேட்டை அங்கே மீண்டும் நடத்தினார். 1965 இல் படைத்தலைவர் பூமெதியென் ஆட்சியைக் கைப்பற்றியதும் அந்த ஏடு நின்றது. அலெக் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. பிரெஞ்சு அரசு பூட்டிய அச்சகத்தை விடுதலை அரசும் பூட்டிற்று. இதை எழுதாமல் விட்டால், பப்போனின் அறிவுரைபோல் நம் எழுத்தும் பாதி உண்மையாகிவிடும்.

ஒதேனின் கதைக்குத் திரும்புவோம். அவர் காணாமற்போய் ஆறு திங்கள் ஆவதற்குள், 1957 டிசம்பர் 2 இல், சோர்போன் பல்கலைக் கழகத்தில் அவருடைய கணித ஆய்வுக்கு முனைவர் பட்டத் தேர்வு நடந்தது. ஆய்வாளர் இல்லை, ஆய்வு இருந்தது. தேர்வாளர்கள் வந்தார்கள், ஆராய்ந்தார்கள், பட்டம் வழங்கினார்கள். ஷ்வார்ட்ஸ் அதற்கு முன்னின்றவர். அரசு அவரைப் பின்னர் வேலையிலிருந்து நீக்கிய காரணம், இந்த இடத்தில் நமக்கு நன்றாகவே விளங்குகிறது.

ஒதேனின் மனைவி ஜோசெத், மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, என் கணவன் எங்கே என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். 1962 இன் பொதுமன்னிப்பைக் காட்டி வழக்கை மூடினார்கள். சிலம்பேந்தி வந்த ஒருத்தியின் கேள்விக்கு விடை தெரிந்த அக்கணமே, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்ட மன்னனைப் பாடிய இலக்கியம் நம்முடையது. அந்த மன்னனைக் கதை என்று சொல்லட்டும். நீதி தவறியவனுக்கு நெஞ்சு வெடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்த ஒரு மக்களினம் இருந்தது என்பது கதை அல்ல. பாரிஸ் அரியணைகளில் நெஞ்சு வெடித்து வீழ்ந்தவர் எவருமில்லை. மொல்லே போனார், டிகால் போனார், மித்தரான் போனார். ஜோசெத் கேட்டுக்கொண்டிருந்தார்.

2018 செப்டம்பர் 13 இல், குடியரசுத் தலைவர் மக்ரோன், பாரிசை அடுத்த பாஞ்ஞோலேயில் இருந்த அவருடைய வீட்டுக்குச் சென்றார். ஒதேனைப் படையினர் வதைத்தே கொன்றனர், அல்லது வதைத்தபின் கொன்றனர். அதற்கு வழிவிட்டது 1956 இல் நாடாளுமன்றம் வழங்கிய சிறப்பு அதிகாரத்தின்மேல் எழுந்த ஏற்பாடு என்று அரசின் பெயரால் ஒப்புக்கொண்ட அறிக்கையை அவர் கையில் கொடுத்தார். 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. 455 பேர் கை தூக்கிய அந்தச் சட்டத்தைப் பற்றி அரசே எழுதிய திறனாய்வு அது.

ஜோசெத் 2019 பிப்ரவரியில் இறந்தார். மொரீஸ் ஒதேனின் உடல் கிடைக்கவில்லை.